தண்டவாளம் இல்லாத லைனில் அப்பாவோடு நான்கு நாள்

ஸ்பெயினின் தெற்கே ஹாயென் என்ற நகரம். அதன் விளிம்பில் ஃபுவெந்தெசுவேலாஸ் விளையாட்டு வளாகத்துக்குப் பக்கத்திலிருந்துதான், மூடிய ரயில் லைன் ஒன்றைச் சைக்கிளுக்கு மாற்றிய பாதை தொடங்குகிறது. சைக்கிளில் நூறு மீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம், அப்பா இறங்கிவிட்டார். குனிந்து, ஷூ நுனியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

“ஜல்லியை அள்ளிட்டாங்க தாயி. ஆனா கரை அப்படியே இருக்கு.”

அப்பா மதுரை கோட்டத்தில் 34 வருஷம் ரயில்வே வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி கீமேனாக. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் சுமந்து, தன் பங்குக்கான லைனைத் தினமும் நடந்தே பார்ப்பது அந்த வேலை. தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா, அதைப் பிடித்து நிறுத்தும் சாவி கழன்றிருக்கிறதா, லைனைத் தாங்கும் மண் கரை சரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். மதுரை–போடி மீட்டர்கேஜ் லைனில் பல வருஷம் இருந்தார். 2010 முடிவில் அந்த லைனை அகலப்பாதையாக்க மூடியபோது வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போடி வரை மறுபடி ரயில் ஓடியது 2023இல்தான்.

நான் மாட்ரிட்டில் வேலை செய்கிறேன். போன நவம்பரில் அப்பா என்னோடு இரண்டு மாதம் தங்க வந்தார். அரண்மனை, தேவாலயம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. “மூடின ரயில் லைன்ல சைக்கிள் ஓட்டிப் போலாம்ப்பா” என்று சொன்ன அன்றுதான் முகத்தில் வெளிச்சம் வந்தது. மாட்ரிட்டிலிருந்து ஹாயெனுக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

இந்தப் பாதைக்கு ‘வியா வெர்தே தெல் ஆசெய்தே’ என்று பெயர். எண்ணெயின் பசுமை வழி. ஸ்பெயினில் 1993லிருந்து, கைவிட்ட ரயில் பாதைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டுக்கொண்டே வருகிறார்கள். இப்போது நாடு முழுக்க 3000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதில் இது ஹாயெனிலிருந்து புவெந்தே ஹெனீல் வரை, மொத்தம் 128 கிலோமீட்டர். லினாரெஸ் பக்கத்துச் சுரங்கங்களின் ஈயத் தாதுவை மாலகா துறைமுகம் வரை கொண்டுபோக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட லைன். 1893இல் முழு நீளமும் திறந்தார்கள். தாதுவோடு ஆலிவ் எண்ணெயும் ஏறியது. ஊர்க்காரர்கள் ‘எண்ணெய் ரயில்’ என்றே கூப்பிட்டார்கள். 1985இல் மூடினார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் பைபிளில் படித்த ‘ஒலிவ மரம்’தான் வழி நெடுக நிற்கும் இந்த ஆலிவ். ஆனால் எத்தனை மரம்! ஹாயென் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல். குன்று குன்றாக, கோடு கிழித்தாற்போல் வரிசை வரிசையாக, வானம் தொடும் இடம் வரைக்கும் அதே மரம். முதல் ஒரு மணி நேரம் வாய் பேசாமல் ஓட்டினோம். அப்புறம் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, ஒவ்வொரு மரமும் ஒரு மரம் இல்லை. பழைய தோப்புகளில் ஒரே குழியில் இரண்டு மூன்று போத்து நட்டு வளர்த்திருக்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று அடிமரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அடியில் புல் பூண்டு இல்லாமல், கூட்டிப் பெருக்கிய முற்றம் மாதிரி மண்.

முதல் நாள் மார்த்தோஸ் வரை, 24 கிலோமீட்டர் சுமார். பெரும்பாலும் ஏற்றம். ஆனால் ஏறுகிறோம் என்றே தெரியாது, தொடைக்கு மட்டும் தெரியும். நீராவி என்ஜின் இழுக்க வேண்டிய பாதை என்பதால் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டருக்கு மேல் எங்கும் ஏறாது என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா 66 வயதில் ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை. ஒரே கியரில், ஒரே வேகத்தில், பேசிக்கொண்டே வந்தார். நான்தான் இடையிடையே வேகமாக மிதித்து, மூச்சு வாங்கி, மறுபடி மெதுவாகி என்று சக்தியை வீணாக்கினேன். “ரயிலு மாதிரி போம்மா. ஒரே மூச்சு,” என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து முழங்கால் வலி வரவில்லை. சாலைகளைக் கடக்கப் புதிதாகக் கட்டிய மேம்பாலங்களுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவை ரயிலுக்காகக் கட்டியவை அல்ல, ஏற்றம் செங்குத்தாக வரும். அங்கே முன்கூட்டியே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தோரேதோன்ஹிமேனோ தாண்டி, பாதையை ஒட்டிய தோப்பில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அடியில் பெரிய வலையை விரித்து, ஒரு இயந்திரத்தின் கை அடிமரத்தைப் பிடித்து உலுக்குகிறது. சில நொடிதான். மழை கொட்டுகிற மாதிரி சத்தத்தோடு காய் விழுகிறது. விழாத காயை நீளமான கழியால் தட்டுகிறார்கள். நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு வயசான ஒருவர் கையில் நாலு காயோடு வந்தார். பாதி பச்சை, பாதி ஊதா. அப்பா ஒன்றைக் கடித்தார். முகம் சுருங்கிவிட்டது. “வேப்பங்கா தோத்துடும்” என்றார். மரத்திலிருந்து பறித்த ஆலிவை அப்படியே தின்ன முடியாது. கசப்பு போக வாரக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊற வைத்துத்தான் ஊறுகாய்க்கு ஆகும். அந்தப் பெரியவர் சிரித்துவிட்டு, விரலால் அப்பாவின் கையில் கிடந்த காயை நசுக்கிக் காட்டினார். விரலெல்லாம் பளபளவென்று எண்ணெய்.

அவர் கொடுத்ததால் வாங்கிக்கொண்டோம். நீங்களாகத் தோப்புக்குள் இறங்கி ஒரு காயைக்கூட எடுக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் ஆலிவ் திருட்டு அங்கே பெரிய பிரச்சினை, போலீஸ் ரோந்து சுற்றுகிறது. அதோடு டிராக்டர்கள் பாதையைக் குறுக்கே கடந்துகொண்டே இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள், ஊர் பார்க்கப் போகிறவர்கள் நாம். நின்று வழி விடுங்கள்.

மார்த்தோஸ் ஊருக்கு மேலே ஒரு பாறை மலை தனியாக நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம். நமக்குத் திண்டுக்கல் மலை ஞாபகம் வரும். அன்று இரவு ரொட்டியின் மேல் புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். நவம்பர் தொடக்கத்துக் காயில் ஆட்டிய பிக்குவால் வகை எண்ணெய், கிளிப்பச்சை நிறம். வாயில் புல்வாசனை, விழுங்கியதும் தொண்டையில் மிளகு கடித்த காரம். அப்பா இருமினார். இருமல் வந்தால் நல்ல எண்ணெய் என்று கடைக்காரம்மா சந்தோஷப்பட்டார்கள். கெட்டுப்போனதோ என்று பயப்பட வேண்டாம். புது எண்ணெயின் குணமே அந்தக் காரம்.

இரண்டாம் நாள்தான் பாடம் நிறைய.

மார்த்தோஸிலிருந்து பாதை பெரும்பாலும் இறக்கம். இரும்புப் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விபோராஸ் என்று ஒரு ஆறு, விரியன் பாம்புகள் என்று அர்த்தம். சைக்கிள் தானாக ஓடியது. ஓரமாகப் பூத்திருந்த எதையோ படம் எடுக்கப் பாதையை விட்டு விளிம்புக்கு ஒதுங்கினேன். ஐந்து நிமிஷத்தில் பின் டயர் தட்டையாகிவிட்டது.

அப்பா டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு நகத்தால் ஒன்றைப் பிடுங்கினார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நெருஞ்சி முள். நம் ஊர் நெருஞ்சியே தான், அதே செடி. ஸ்பெயின்காரர்கள் ‘அப்ரோஹோ’ என்கிறார்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். கோடையில் தரையோடு படர்ந்து, இலையுதிர் காலத்தில் காய்ந்த முள்ளை உதிர்த்துவிட்டுப் போகிறது. டயரில் மொத்தம் ஏழு எண்ணினோம். “லைன் ஓரத்துல என்ன மொளைக்கும்னு எனக்குத் தெரியாதா? நடுவுல வந்திருக்கலாம்ல,” என்றார். கோபமில்லை, வருத்தம்தான்.

சரி, மாற்று டியூப் இருந்தது. மாட்டினோம். பம்பை எடுத்தால் வாய் பொருந்தவில்லை. வாடகைக்கு விட்ட கடையில் கொடுத்த டியூப், மோட்டார் சைக்கிளில் இருக்கிற தடித்த வால்வு. பம்ப், பந்தய சைக்கிளில் வருகிற மெல்லிய மூக்கு வால்வுக்கானது. கிளம்புகிற காலையில் கடை வாசலிலேயே ஒருமுறை பம்பை வைத்து அழுத்திப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. நான் செய்யவில்லை. அப்பா தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்காமல் ஒரு நாளும் போனவர் இல்லை. அவரோடு இருந்துகொண்டு நான் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு உறுத்தியது.

ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்த ஒரு தம்பதி பம்ப் கொடுத்து உதவினார்கள். அவர்கள் டயரில் டியூபே கிடையாது, உள்ளே பால் மாதிரி ஒரு திரவம், முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். இந்தப் பாதைக்கு இலையுதிர் காலத்தில் போனால் வாடகைக் கடையில் அந்த டயரைத்தான் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், பொருந்துகிற பம்ப். அப்புறம், படம் எடுக்க வேண்டுமென்றால் சைக்கிளைப் பாதையின் நடுவிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய் எடுங்கள்.

அந்தத் தாமதத்தால் இரண்டாவது தப்பு. ஆல்காவுதேதே ஸ்டேஷனை நெருங்கும்போது மணி மதியம் மூன்று. வரைபடத்தில் ஸ்டேஷன் என்று ஊர் பேர் போட்டிருந்தால் ஊர் அங்கேயே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்பா கேட்டார்: “ரயில்காரன் ஊருக்காக மலை ஏறுவானா?” லைன் தன் சரிவைப் பார்த்துக்கொண்டு பள்ளத்திலேயே போகும். ஊரோ கோட்டையைச் சுற்றி மேட்டில் இருக்கும். ஆல்காவுதேதே, லூக்கே, சுவேரோஸ் எல்லாமே இப்படித்தான். கடைசியில் ஊருக்குள் ஏறுகிற அந்தக் கொஞ்ச தூரம்தான் நாள் முழுக்க ஓட்டியதை விடக் கஷ்டம். அதற்கென்று தெம்பும் தண்ணீரும் மிச்சம் வையுங்கள். பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை சின்ன ஊர்களில் கடைகள் மூடித்தான் இருக்கும். பாதையில் குடிதண்ணீர்க் குழாய்கள் எல்லா இடத்திலும் இல்லை. எங்களிடம் அரை பாட்டில்தான் மிச்சம். நவம்பர் என்பதால் தப்பித்தோம். கோடையில் அங்கே 40 டிகிரி சாதாரணம், ஆலிவ் மரம் பாதைக்கு நிழல் தராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள் என்றே சொல்வேன்.

அன்று இரவு நல்ல மழை.

காலையில் நான் உடனே கிளம்பலாம் என்றேன். “வெயில் ஏறட்டும். கட்டிங்ல சேறு இருக்கும்,” என்றார் அப்பா. குன்றை வெட்டிப் பாதை போகும் இடம் கட்டிங், பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்திய இடம் கரை. கரை சீக்கிரம் காயும், ஆனால் காற்று அடிக்கும். கட்டிங்கில் காற்று இருக்காது, ஆனால் தண்ணீர் தேங்கும், வெயில் படாது. மூன்றாம் நாள் முழுக்க இந்தக் கணக்கை வைத்தே ஓட்டினோம். பத்து மணிக்குமேல் கிளம்பியும் ஒரு கட்டிங்கில் மாட்டினோம். அந்தப் பக்கத்துக் களிமண், சோளமாவு பிசைந்த மாதிரி சக்கரத்தைச் சுற்றி ஏறி, பிரேக்கில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. ஒரு குச்சியால் வழித்து, கொஞ்சம் தூக்கி, மறுபடி வழித்து என்று இருநூறு மீட்டருக்கு இருபது நிமிஷம் ஆனது. மழைக்கு மறுநாள் அரை நாள் விட்டுக் கிளம்புவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் அன்றுதான் குவாதாஹோஸ் பாலம். ஹாயென் மாகாணம் முடிந்து கோர்தோபா மாகாணம் தொடங்கும் இடம். ஆற்றுக்கு மேலே உயரத்தில், சுமார் இருநூறு மீட்டர் நீளத்துக்கு இரும்புப் பாலம். ஈபல் கோபுரம் கட்டிய அதே காலத்து வேலை முறை, வெல்டிங் கிடையாது, முழுக்க ரிவெட் ஆணி. தண்டவாளம் இருந்த இடத்தில் பலகை பதித்திருக்கிறார்கள். சக்கரம் போகும்போது கடகடவென்று சத்தம். மழைக்குப் பின் அந்தப் பலகை வழுக்கும், நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம்.

நடுப்பாலத்தில் அப்பா நின்றார். ஆற்றைப் பார்க்கவில்லை, தோப்பைப் பார்க்கவில்லை. சைக்கிள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கைப்பிடிக்கு அந்தப் பக்கம் இரும்பு கர்டர் விட்டத்தில் இருந்த ரிவெட் தலையில் மெதுவாகத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். அடுத்ததில் தட்டினார். அடுத்தது. இறுக்கமாக இருக்கும் ரிவெட் கணீரென்று பேசும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டு, பெயிண்ட் உரிந்த ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். இரும்பு ஈரமாக இருந்தது.

“நூத்தி முப்பது வருஷமா?”

“ஆமாப்பா.”

“நல்லாப் பாத்துக்கிட்டிருந்திருக்காங்க,” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்த கீமேன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர்களும் இந்த வழியே சுத்தியலோடு தினமும் நடந்திருப்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயசில் அப்பாவின் வேலை என்ன என்று பள்ளியில் கேட்டால் ‘ரயில்வே’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் அவர் வேலையை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

பாலத்துக்குப் பிறகு லூக்கே பக்கம் மறுபடி மெதுவான ஏற்றம். வழியில் ஒரு உப்பு ஏரி, விளிம்பில் தூத்துக்குடி உப்பளம் மாதிரி வெள்ளைப் படிவு. லூக்கே ஸ்டேஷன் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது, ஊர் மலைமேல். ஸ்டேஷன் கட்டடத்திலேயே சாப்பாட்டுக் கடை. அப்பா பன்றிக்கறி சாப்பிட மாட்டார். தக்காளியும் ரொட்டியும் எண்ணெயும் அரைத்த ‘சால்மொரேஹோ’ என்ற குளிர்ந்த கூழை மரக்கறி என்று நினைத்து வாங்கினால் மேலே பொடியாக நறுக்கிய பன்றிக்கறியைத் தூவிக்கொண்டு வருவார்கள். ‘சின் ஹாமோன்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். காலையில் தக்காளி தேய்த்த ரொட்டியும் எண்ணெயும் எங்கேயும் கிடைக்கும், அதை வயிறு நிறையச் சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும்.

சுவேரோஸ் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. ஊர், பாறையில் ஒட்ட வைத்த வெள்ளைக் கூடு மாதிரி மேலே தெரிந்தது, நடுவில் கோட்டை. கடைசி ஏற்றத்தில் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டுதான் போனோம். மறுநாள் தோன்யா மென்சியா வழியாகக் காப்ரா வரை சுகமான பாதை. இடையில் ஒரு சின்னக் குகைப்பாதை வரும், விளக்கை நம்பாமல் கையில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். தோன்யா மென்சியாவின் பழைய ஸ்டேஷனிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. நாலு நாள் ஒதுக்க முடியாதவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள், அங்கே எடுத்து சுவேரோஸ் பக்கமும் காப்ரா பக்கமும் போய்த் திரும்பலாம். முழுப் பாதையில் அழகான துண்டும் அதுதான், என் கணக்கில்.

காப்ரா ஸ்டேஷனில் எண்ணெய் ரயிலுக்கு ஒரு சின்னக் காட்சிக்கூடம் இருக்கிறது. அப்பா அங்கே இரண்டு மணி நேரம் இருந்தார். எழுத்து ஒன்றும் புரியாது, படங்களைப் பார்த்தே எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

எண்ணெய் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஆலையிலேயே வாங்குங்கள், கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், தகர டின்னில். வெளிச்சமும் சூடும் அதற்கு ஆகாது. அறுவடை வருஷம் பார்த்து வாங்குங்கள், இது வைத்து வைத்துப் பழக்குகிற பொருள் இல்லை. சைக்கிளில் சுமக்காமல் கடைசி ஊரில் வாங்குவது நல்லது. நாங்கள் வாங்கிய டின் விமானத்தில் சரக்குப் பெட்டியோடு மதுரைக்குப் போனது. அம்மா அதை இட்லிப்பொடியில் குழைத்துப் பார்த்துவிட்டு, காரம் மேல் காரம் என்று சொன்னாளாம். இருந்தாலும் டின் காலியாகிவிட்டது.

காப்ராவிலிருந்து லுசேனா வழியாகப் புவெந்தே ஹெனீல் வரை இன்னும் பாக்கி. ஏப்ரலில் போவதாக இருக்கிறோம், பகலும் நீளம். போன வாரம் போனில் பேசும்போது அப்பா சொன்னார், மதுரையில் ஒரு கடையில் இரண்டு வகை வால்வுக்கும் பொருந்துகிற பம்ப் கிடைத்ததாம். வாங்கி, பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளில் ஒன்று, எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளில் ஒன்று என்று இரண்டிலும் அடித்துப் பார்த்துவிட்டாராம்.